டோனாவூர் அம்மை

அயர்லாந்து எங்கே இருக்கிறது, நம்ம களக்காடு எங்கே இருக்கிறது! நடுவில் எட்டாயிரம் கிலோ மீட்டருக்கும் மேல். அந்தத் தூரத்தைக் கப்பலில் கடந்து வந்து, ஐம்பத்தைந்து வருஷம் ஒரு தடவைகூட ஊர் திரும்பாமல், பொதிகை மலைச் சரிவுக்குக் கீழேயே வாழ்ந்து அங்கேயே மண்ணுக்குள் போன ஒரு பெண்மணியின் கதையைத்தான் எழுதப் போகிறேன். அவர் பெயர் ஏமி கார்மைக்கேல். திருநெல்வேலிப் பக்கத்து நண்பர்களுக்கு டோனாவூர் அம்மை என்றால் சட்டென்று தெரியும்.

பேரவை மலர் என்றாலே விஞ்ஞானி, சுதந்திரப் போராட்ட வீரர், இல்லாவிட்டால் ஒரு கவிஞர். இந்தத் தடவை ஒரு மிஷனெரி அம்மாவா என்று யாராவது புருவத்தை உயர்த்தலாம். மதப் பிரசாரம் செய்ய நான் பேனா எடுக்கவில்லை நண்பர்களே. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ண வந்த ஒருத்தர், பிரசங்கத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சவும் துணி அலசவும் உட்கார்ந்துவிட்டார். அது எப்படி நடந்தது, அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

1867 டிசம்பர் 16. வட அயர்லாந்தில் கடலோரமாக மில்லைல் என்று ஒரு சின்ன ஊர். அப்பா டேவிட் கார்மைக்கேலுக்கு அங்கே மாவு மில் இருந்தது. ஏழு பிள்ளைகளில் மூத்தவள் ஏமி. வீட்டில் அம்மாவுக்கு நீலக் கண். இவளுக்கோ பழுப்புக் கண். மூன்று வயதில் ஒரு ராத்திரி, எனக்கும் நீலக் கண் கொடு என்று கடவுளிடம் கேட்டுவிட்டுப் படுத்தாளாம். விடிந்ததும் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்பு! அந்த ஏமாற்றத்தை அவள் கடைசிவரை மறக்கவில்லை. இந்தக் கண் கதை பின்னால் வரும், கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பம் பெல்ஃபாஸ்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. மில் தொழில் நொடித்துப்போய், 1885இல் அப்பாவும் காலமானார். அப்போது ஏமிக்குப் பதினேழு வயது. பெல்ஃபாஸ்டில் லினன் துணி ஆலைகள் நிறைய. அதில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குத் தொப்பி வாங்க வசதி கிடையாது. சால்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு திரிவார்கள். அதனாலேயே அவர்களுக்குச் சால்வைக்காரிகள் என்று ஒரு இளக்காரப் பெயர். ஏமி அவர்களைச் சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும், மரியாதைக்காரக் குடும்பங்கள் முகம் சுளித்தன. கூட்டமும் சேரச் சேர இடம் பற்றவில்லை. சரி, தனியாக ஒரு ஹால் கட்டிவிடுவோம் என்று கிளம்பினார்.

நம்ம சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் இங்கே கவனிக்கணும். அந்தக் காலத்தில் இரும்புச் சட்டத்தில் நெளித்தகடு போர்த்திச் சீக்கிரமாக எழுப்பிவிடக்கூடிய கட்டடங்கள் விற்பனைக்கு வந்திருந்தன. இன்றைக்கு நாம் ப்ரீஃபேப் என்று படிக்கிறோமே, அதற்குத் தாத்தா மாதிரி. ஐந்நூறு பேர் உட்காரும் ஹால் ஐந்நூறு பவுனுக்குக் கிடைக்கும் என்று ஒரு பத்திரிகையில் பார்த்தார். பணத்தை ஓர் அம்மையார் கொடுத்தார், நிலத்தை ஒரு மில் முதலாளி கொடுத்தார். 1889 ஜனவரியில் தகரக் கோயில் திறந்தாகிவிட்டது. ஏமிக்கு வயது இருபத்தொன்று! நம்மில் பலர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு பைண்டிங் போட அலைகிற வயது.

அப்புறம் மான்செஸ்டர் ஆலைப் பகுதியில் கொஞ்ச காலம். அங்கே உடம்பு கெட்டது. ராபர்ட் வில்சன் என்ற ஒரு முதியவர், மகள் போனபின் மனசு ஒடிந்திருந்தவர், இவரைத் தன் மகளாகவே வைத்துக்கொண்டார். அந்தச் சொகுசான வீட்டில் இருந்துகொண்டே, 1892இல், வெளிநாட்டு ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று ஏமி தீர்மானித்தார். சீனாவுக்குப் போக விண்ணப்பித்தால், உடல் தகுதி போதாது என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். மெடிக்கலில் ஃபெயில் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்!

1893இல் ஜப்பான் போனார். பதினைந்து மாதம்தான். ஒரு நாள் நோயாளிக் கிழவி ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கிழவியின் கவனம் முழுக்க ஏமி போட்டிருந்த ரோமக் கையுறை மேலேயே இருந்ததாம். பேச்சு காதில் ஏறவில்லை. அன்றோடு ஐரோப்பிய உடையைக் கழற்றிவிட்டு ஜப்பான் உடைக்கு மாறினார். இது சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும், பின்னால் நம்ம ஊரில் அவர் புடவை கட்டியதற்கு வித்து இதுதான். ஜப்பானில் நரம்பு வலியும் தலைவலியும் வாட்டியெடுக்க, இலங்கையில் கொஞ்ச காலம் இருந்து, இங்கிலாந்துக்கே திரும்பிப் போனார்.

1895 நவம்பரில் பெங்களூர். பெண்களிடையே வேலை செய்வதற்கென்றே இருந்த ஜெனானா மிஷன் சார்பில் வந்தார். வந்து இறங்கும்போதே டெங்கு காய்ச்சல். பெங்களூரின் வெள்ளைக்கார வாழ்க்கை, டீ பார்ட்டி, பங்களா இதெல்லாம் அவருக்கு ஒட்டவே இல்லை. அந்த நேரத்தில்தான் தாமஸ் வாக்கர் அறிமுகமானார். நெல்லைச் சீமையில் வாக்கர் ஐயர் என்று பேர்பெற்றவர், தமிழில் கெட்டிக்காரர். அவரிடம் தமிழ் படிக்க 1896 டிசம்பரில் ஏமி திருநெல்வேலிப் பக்கம் வந்துவிட்டார்.

அதன்பிறகு சில வருஷம், பண்ணைவிளையை மையமாக வைத்து மாட்டு வண்டிப் பயணம். பொன்னம்மாள் என்ற இளம் விதவை, இன்னும் சில தமிழ்ப் பெண்கள், இவர்களோடு ஏமி. ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேசுவார்கள். நட்சத்திரக் கூட்டம் என்று மக்களே பெயர் வைத்தார்கள். பொன்னம்மாள் தன் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டார். நம்ம ஊரில் ஒரு பெண் காது, கழுத்து மூளியாக வெளியே போவது என்றால் சும்மாவா? சொந்தக்காரர்கள் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று நமக்கே தெரியும். ஏமி கார்மைக்கேல் பெயர் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. பொன்னம்மாள் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை என்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

1901 மார்ச் 7. கதை திரும்புகிற நாள் இது.

ப்ரீனா என்று ஒரு ஏழு வயதுச் சிறுமி. பெரிய குளத்தங்கரை ஊர் ஒன்றில் கோயிலோடு சேர்ந்த பெண்களிடம் அவளை விட்டிருந்தார்கள், பொட்டுக் கட்டுவதற்காக. ஒரு தடவை தப்பித்துத் தூத்துக்குடிக்கு நடந்தே போய்த் தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே வந்தவர்களிடம் தாய் பயந்துபோய்ப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தப்பித்த குற்றத்துக்குப் பிள்ளையின் கைகளில் சூடு போட்டார்கள். குழந்தை பிடிக்கிற மிஸ்ஸியம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள் என்று அந்தப் பெண்களே பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருந்தது. பயம் காட்டச் சொன்னது, பிள்ளைக்கு வழி காட்டிவிட்டது! ஒரு ராத்திரி மறுபடியும் ஓடினாள். பண்ணைவிளையில் சர்ச் பக்கத்தில் நின்றவளை ஒரு கிறிஸ்தவப் பெண் பார்த்து வீட்டில் படுக்கவைத்து, காலையில் ஏமியிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். அதுவரை டோனாவூரில் தங்கியிருந்த ஏமி அப்போதுதான் பண்ணைவிளைக்குத் திரும்பியிருந்தார். கொஞ்சம் முன்னே பின்னே ஆகியிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார்.

பிள்ளை நேரே வந்து மடியில் ஏறி உட்கார்ந்தது. பொம்மையை வைத்துக்கொண்டு, கோயில் வீட்டில் என்ன நடக்கும் என்று விளையாட்டுப்போலச் செய்து காட்டியதாம். அதைப் பார்த்தபிறகு ஏமிக்குப் பழைய வேலை ஓடவில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமும் சொல்லியாகணும். தேவதாசி முறை என்றால் அத்தனை பேர் வாழ்க்கையும் ஒரே மாதிரி என்று நான் எழுதமாட்டேன். சதிரையும் பதத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அந்தக் குலத்துப் பெண்கள்தான். ஆனால் நாலு வயது, ஏழு வயதுப் பிள்ளையைக் காசுக்கு வாங்கி வளர்த்து, பிற்பாடு அவளை வைத்துச் சம்பாதிப்பது கலையும் இல்லை, பக்தியும் இல்லை. அதை எதிர்த்து முடிவு கட்டியதும் நம்ம தமிழ்ப் பெண்கள்தான். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையைத் தாமே அறிந்தவர். மேடை மேடையாக முழங்கினார், 1936இல் நாவலே எழுதினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் வந்தது. ஏமி பாதி ராத்திரியில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்த காலத்தில் அந்தச் சட்டத்துக்கு இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

அவர் உண்மையைத் தேடிப் போன விதம்தான் அந்தக் கண் கதையைக் கொண்டு வருகிறது. புடவை கட்டி, காப்பி மாதிரி ஏதோ பூசித் தோலை மாநிறமாக்கிக்கொண்டு, கோயில் வட்டாரங்களில் நடமாடி விவரம் சேகரித்தார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். நீலக் கண்ணாக இருந்திருந்தால் முதல் தெருவிலேயே மாட்டிக்கொண்டிருப்பார்!

1901லேயே ஜாகை டோனாவூருக்கு மாறியது. அது பெயரைப் பார்த்தால் தமிழ் ஊர் மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். ரேனியஸ் ஐயர் காலத்தில், ஜெர்மன் நாட்டு டோனா பிரபு கொடுத்த பணத்தில் உண்டான கிராமம். அவர் பெயரோடு நம்ம ஊர் ஒட்டிக்கொண்டது. மேற்கே மலை, சுற்றிலும் வயலும் பனையும். அங்கே ஒரு மண் சுவர் பங்களா. 1904 நடுவில் எண்ணிப் பார்த்தால் பதினேழு பிள்ளைகள். அந்த வருஷம்தான் பச்சைக் குழந்தைகளும் வர ஆரம்பித்தன. இரவில் வண்டியில் கூடைக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள்.

பிரசங்கம் பண்ணத் தெரிந்த பெண்களுக்குப் பச்சைக் குழந்தை வளர்க்கத் தெரிய வேண்டாமா? தாய்ப்பால் கொடுக்க வெளியிலிருந்து ஆள் வராது. ஒத்தாசைக்கு வேலைக்காரிகளும் லேசில் கிடைக்கவில்லை. படித்த பெண்கள் பீத்துணி அலசுவதா என்று ஒரு கேள்வி வேறு. அலசினார்கள். ஏமியும் அலசினார், நட்சத்திரக் கூட்டமும் அலசியது. சீடர்களின் கால் கழுவின ஏசுவை விட நாம் பெரிய ஆளா என்பதுதான் அவர் நியாயம்.

அவர் வேலையைப் பற்றி மற்ற மிஷனெரிகளுக்கே நல்ல அபிப்பிராயம் இல்லை. மொழி படித்து வந்தவர் ஆயா வேலை பார்க்கிறாரே, இதற்கா அனுப்பினோம் என்று கேட்டவர்கள் உண்டு. அவர் எழுதிய முதல் புத்தகங்களில் ஒன்று 1903இல் வந்தது. உள்ளதை உள்ளபடி என்று அர்த்தம் வரும் ஆங்கிலத் தலைப்பு. ஊழியம் ஜெயமோ ஜெயம் என்று எழுதினால் காணிக்கை வரும். இவரோ தோல்விகளையும் சேர்த்து எழுதிவிட்டார். இவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று இங்கிருந்தே சிலர் மேலிடத்தைக் கேட்டார்கள். அந்தப் புத்தகத்தில் நம்ம ஊரை அவர் பார்த்த பார்வை எல்லா இடத்திலும் எனக்கு ஒப்புதல் இல்லை. நல்லதைக் காண்பதற்கு முன்னால் இருட்டைக் கண்டுவிட்ட ஒருத்தரின் எழுத்து அது. ஆனால் பொய் எழுதி நன்கொடை வசூலிக்கவில்லை, அது பெரிய விஷயம். பணம் கொடுங்கள் என்று கேட்பதே இல்லை என்ற கொள்கையைக் கடைசிவரை வைத்திருந்தார். கூட வேலை செய்தவர்களுக்குச் சம்பளமும் கிடையாது.

ஆஸ்பத்திரி வசதி இல்லாததுதான் பெரிய இடி. அருகில் என்று சொல்லக்கூடிய நல்ல ஆஸ்பத்திரி திருவிதாங்கூர் நெய்யூரில். மாட்டு வண்டியில் ஒரு நாளைக்கு மேல் ஆகும். நோவுற்ற குழந்தை அதுவரை தாங்குமா? அதனால் நெய்யூரிலேயே ஒரு குழந்தைகள் வீடு வைத்துப் பொன்னம்மாள் பொறுப்பில் விட்டார். அங்கேயும் ஒரு வயிற்றுக்கடுப்பு பரவி, பத்துக் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் வைத்து, ரத்தினக் கற்களின் பெயர்களைத் தேடித் தேடி வைத்து, பிறகு அதே பிள்ளைகளுக்குக் குழி தோண்டுவது... எழுதவே கை வரவில்லை.

வழக்குகளும் வந்தன. பிள்ளையைத் திருப்பிக் கொடு என்று உறவினர் கேட்டால் கோர்ட் படி ஏற வேண்டியதுதான். ஒரு வழக்கில் தீர்ப்பு எதிராகப் போனது. கடத்தல் குற்றச்சாட்டு நிரூபணமானால் ஜெயில்தான் என்ற நிலையில், 1914இல் ஒரு கிரிமினல் வழக்கு தள்ளுபடியானது. சட்டத்தின் கண்ணில் பார்த்தால் இது லேசான விஷயம் இல்லை. பெற்றவர் உரிமை பெரிதா, பிள்ளையின் கதி பெரிதா? இன்றைக்கு அதற்குக் குழந்தைகள் நலக் குழு, கோர்ட், ஹெல்ப்லைன் 1098 எல்லாம் இருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் இல்லை. அவர் பிள்ளை பக்கம் நின்றார், ஜெயிலுக்கும் தயாராக இருந்தார். சரி என்றே என் மனசு சொல்கிறது.

அந்த வருஷங்களில் சாவு அவரை விட்டு விலகவே இல்லை. 1912இல் வாக்கர் ஐயர் மசூலிப்பட்டினம் போன இடத்தில் இறந்தார். 1913இல் தாயார். 1915இல் புற்றுநோயில் பொன்னம்மாள். வலது கை, இடது கை இரண்டும் போன மாதிரி. அந்த நேரத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியிருந்தது.

டோனாவூரில் உறவுமுறை ஒன்று வைத்திருந்தார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது. தமிழ்ப் பெண் ஊழியர்கள் எல்லாம் அக்காள். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி. ஆண்கள் அண்ணாச்சி! லண்டனில் படித்துவிட்டு வந்த டாக்டரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். ஏமி எல்லோருக்கும் அம்மை. பிள்ளைகளை ஓர் அனாதை விடுதி மாதிரி வரிசையில் நிறுத்தாமல், சின்னச் சின்ன வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அக்காள் என்று வைத்தார்கள். 1917இல் மலையில் ஓர் இடம் வாங்கிக் காட்டுக்குள் ஒரு வீடு கட்டினார்கள். பெண்பிள்ளைகள் அங்கே போய்த் தண்ணீரில் குதித்து நீச்சல் பழகினார்கள். நூறு வருஷத்துக்கு முந்தி, நம்ம ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல்! 1918 ஜனவரியில் முதல் ஆண்குழந்தையும் வந்தது. அருள் என்று பெயர். நாடகக் கம்பெனிகளுக்கும் மற்ற இடங்களுக்கும் விற்கப்பட்ட பையன்களைப் பற்றி அவருக்கு வெகுநாளாகவே கவலை.

1919இல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. வேண்டாமே என்று கவர்னருக்கே எழுதினார். மரியாதைக் குறைவாகிவிடும் என்று மற்றவர்கள் சொன்னதால் ஏற்றுக்கொண்டார், விழாவுக்கு மட்டும் போகவில்லை.

1925இல் தாய்ச் சங்கத்திலிருந்து விலகி, 1927இல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவானது. அதே வருஷம் ஜெப வீடு கட்டி முடிந்தது. பிறகு பரம சுக சாலை என்ற ஆஸ்பத்திரி எழும்பியது. நெய்யூருக்கு வண்டி கட்டின நாட்களை நினைத்தால் அந்தப் பெயரின் அருமை விளங்கும். அவரோடு ஒத்துப்போக முடியாமல் போனவர்களும் உண்டு. பின்னால் பிஷப் ஆன ஸ்டீபன் நீல் வந்து ஒரு வருஷத்திலேயே வெளியேறினார். அம்மை பிடித்தால் பிடிதான். விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை.

1931 அக்டோபர் 24. களக்காட்டில் மருத்துவ வேலைக்காக ஒரு வீடு வாடகைக்கு எடுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கப் போனார். மாலை மங்கிவிட்டது. கழிப்பறைக்காக வேலையாட்கள் குழி தோண்டியிருந்தார்கள், அதுவும் தோண்டக் கூடாத இடத்தில். இருட்டில் தெரியாமல் அதில் விழுந்துவிட்டார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகிலும் அடி. நாலு கம்பு நட்டு ஒரு கயிறு கட்டி, ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டிருந்தால் போதும்! சைட்டுக்குப் போகப்போகிற நாம் எல்லோரும் இந்தக் குழியை மனசில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருக்கு அப்போது அறுபத்து மூன்று. சில வாரத்தில் எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தார்கள். அவர் அதற்குப்பின் பழையபடி நடமாடவே இல்லை. கிட்டத்தட்ட இருபது வருஷம், ஓர் அறையும் அதன் வராந்தாவும்தான் உலகம். வலி ராத்திரி தூங்க விடாது. மாட்டு வண்டியில் ஜில்லா முழுக்கச் சுற்றியவர் முதலில் குழந்தைகளுக்காக ஒரு காம்பவுண்டுக்குள் அடங்கினார், இப்போது ஒரு கட்டிலுக்குள். ஆனால் அந்தக் கட்டிலில் இருந்துதான் பத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் வந்தன. மொத்தத்தில் அவர் எழுதியவை முப்பத்தைந்துக்குக் குறையாது. பிறந்தநாள் வருகிற பிள்ளைக்குக் கட்டிலருகே வரச்சொல்லித் தனியாக நேரம் கொடுப்பார். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் யாரோடு பேசவில்லை எல்லாம் அந்த அறைக்குத் தெரியும். 1948இல் அந்த அறையிலேயே தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபின், படுக்கை நிரந்தரமாகிவிட்டது.

1951 ஜனவரி 18 காலையில் உயிர் பிரிந்தது. எண்பத்து மூன்று வயது. தன் புதைகுழி மேல் கல்லறைக் கல் எதுவும் வைக்கக்கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு மனசு கேட்குமா? தோட்டத்தில் மரத்தடியில் அவரை அடக்கம் பண்ணிவிட்டு, கல்லறைக் கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை அங்கே வைத்தார்கள். பெயர், பிறந்த தேதி, பதக்கம் எதுவும் அதில் இல்லை. நம்ம பக்கத்தில் பெற்றவளைக் கூப்பிடுகிற அந்த ஒரே சொல்லைத்தான் செதுக்கியிருக்கிறார்கள், அம்மை என்று.